வாசிக்கத் தெரியாத காகிதம்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. தாத்தா காலத்துப் பெட்டி. அதனுள் துணிமணி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை, காகிதங்களே இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கிய பின் எழுதப்பட்ட மனுக்களின் பிரதிகள், 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் எங்கள் தலைகளை எண்ணிப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தையொட்டி வந்த கடிதங்கள், முத்திரை குத்திய துண்டுகள் எனப் பலவும் அதில் அடங்கியிருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் தாத்தா வாசித்தறிந்தவரல்லர். ஆயினும் மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அவர் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பெட்டியைத்தான். தம் விதி அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் தெரியாது.

அந்தப் பெட்டிக்குள் 2014ஆம் ஆண்டில் ஒரு பெரிய உறை சேர்ந்தது. அதில் என் பெரியம்மாவின் கண்குழியைப் படம்பிடித்த கறுப்புத் தகடுகள் இருக்கின்றன. அதே போன்ற உறையொன்று அடுத்த வரிசையிலுள்ள ஒரு வீட்டிலும் இருக்கிறது. அது ஒரு சிறுவனுடையது. முதலாவது உறையால் எனக்குப் பெருமை கிடைத்தது. இரண்டாவதால் கிடைத்தது வெட்கம். பெருமையே வெட்கத்துக்கு வழிகோலிற்றாதலால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

மஹய்யாவயை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில், மாத்தளைப் புகையிரதப் பாதையும் மாநகரசபையின் மயானமும் அருகருகே அமைந்த இடம் அது. நகரின் குப்பையை அள்ளவும் கக்கூசுகளைக் கழுவவும் வெள்ளையர் ஆட்சி தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். பெரஹரா பார்க்க உலகமெல்லாம் திரண்டு வந்து போன மறுநாள் விடியற்காலையில் வீதியில் இறங்குகிறவர்கள் எங்கள் பெண்கள். அந்த லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் சென்று தமிழ் படித்துத் திரும்பியவன் என்பதால் எனக்கொரு தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது. நீதிமன்றக் கட்டளையாயினும், கடன் பத்திரமாயினும், வைத்தியசாலைத் துண்டாயினும், "மாஸ்டர்கிட்ட காட்டு" என்பது வழக்கமாயிற்று.

பெரியம்மா மாநகரசபையில் வீதி கூட்டியவர். அவருடைய வலது கண் எப்போது மாறத் தொடங்கியது என்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது. மேலிமையின் வெளிப்புற ஓரத்தில் ஒரு தடிப்பு. நாளடைவில் விழி சற்றே கீழ்நோக்கியும் மூக்கை நோக்கியும் தள்ளப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாத நோய்க்காக ஒரு நாட் கூலியை இழக்க எந்தத் தொழிலாளி துணிவார்? கண்ணூறு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள்; மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக நேர்ந்துகொண்டார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பை முகத்தின் ஒரு பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டு நான்கு வருடம் வீதி கூட்டினார். குப்பைக் கூடையோடு போகும் பெண்ணின் முகத்தை எவரும் உற்றுப் பார்ப்பதில்லையாதலால் அந்த மறைப்பு அவருக்குப் போதுமாக இருந்தது.

இறுதியில் நான்தான் வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுக்கத் திகதி கிடைக்கச் சில மாதங்கள் சென்றன. எடுத்து முடிந்ததும் உறையும் ஆங்கிலத்தில் தட்டெழுதிய அறிக்கையும் கைக்கு வந்தன. நிபுணரைக் காணும் நாளோ பத்து நாள் தள்ளியிருந்தது. அன்றிரவு குப்பி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு (மின்சாரம் தடைப்பட்டிருந்தது) பெரியம்மா கேட்டார்: "தம்பி, இதுல என்னாப்பா எழுதியிருக்கு? நல்லதா, கெட்டதா?"

சங்க இலக்கியத்துக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு அந்த ஒரு பக்கத்துக்கு உரை சொல்லத் தெரியவில்லை. 'மாஸ்' என்ற சொல்லும் 'லீஷன்' என்ற சொல்லும் கண்ணிற் பட்டன. அகராதி கட்டி என்றது; சிதைவு என்றது. எனக்கு நெஞ்சு உலர்ந்துவிட்டது. 'தெரியவில்லை, பெரியம்மா' என்று சொல்லியிருக்கலாம். லயத்தின் ஒரே பட்டதாரிக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். அது பொய். உண்மை எதுவென்று அறியாமற் சொல்லப்பட்ட பொய்.

பத்து நாள் கழித்துச் சந்தித்த பெண் வைத்தியர் இளையவர்; சிங்களவர். நீண்ட வரிசை காத்திருந்தபோதும் அவர் தகட்டை ஒளிப்பெட்டியில் மாட்டி, ஒரு பென்சிலால் சுட்டிக் காட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் கேட்டுக் கேட்டுப் பெரியம்மாவுக்குத் தமிழிற் சொன்னேன். என் வாழ்வில் நான் பெற்ற சிறந்த விஞ்ஞான பாடங்களுள் அது ஒன்று.

கண்குழி என்பது ஏழு எலும்புகள் கூடி அமைத்த சிறு குகை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ முப்பது மில்லிலீற்றர்தான். அதற்குள் விழியும், அதை அசைக்கும் தசைகளும், பார்வை நரம்பும், கொழுப்பும், கண்ணீர்ச் சுரப்பியும் நெருங்கி இருக்கின்றன. பின்னே எலும்புச் சுவர், முன்னேதான் வாசல். ஆகவே உள்ளே எது வளர்ந்தாலும் விழி முன்னே தள்ளப்படும். விழி நேராக முன்வந்தால் கட்டி பின்னே, தசைகளின் கூம்புக்குள் இருக்கிறதென்றும், ஒரு புறமாகச் சாய்ந்தால் எதிர்ப்புறத்தில் இருக்கிறதென்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம். பெரியம்மாவின் விழி கீழும் உள்ளுமாகச் சாய்ந்திருந்தது. எனவே கட்டி மேலே, வெளிப்புறத்தில், கண்ணீர்ச் சுரப்பி இருக்கும் இடத்தில்.

ஆனால் அது நல்லதா, கெட்டதா? இங்கேதான் படம் பேசத் தொடங்குகிறது. வைத்தியர் பென்சிலை எலும்பின் ஓரத்தில் வைத்தார். வெண்மையான எலும்புக் கோடு ஓரிடத்தில் வழவழப்பாகக் குழிந்திருந்தது. அம்மியில் அரைத்து அரைத்துக் கல் குழிவதில்லையா, அதுபோல. எங்கும் அறுபடவில்லை. மெல்ல வளரும் தீங்கற்ற கட்டி பல வருடங்களாக எலும்பை அழுத்துகிறது. உயிருள்ள எலும்பு அந்த அழுத்தத்துக்கு இடங்கொடுத்துத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. கொடிய கட்டியோ அவ்வளவு காலம் பொறுப்பதில்லை; எலும்பை அரித்துக்கொண்டு போகிறது. அப்போது கோடு கரையான் தின்ற சட்டம் போலச் சிதைந்து தெரியும். அந்த எலும்பில் நான்கு வருடம் எழுதியிருந்தது. சேலைத் தலைப்புக்குள் மறைத்த அந்த நான்கு வருடத்தை!

கட்டியின் விளிம்பு தெளிவாக இருந்ததும், உருண்டை வடிவும், வலியின்மையும், நீண்ட காலமும் ஒரே முடிவையே சுட்டின. கண்ணீர்ச் சுரப்பியில் வரும் இத்தகைய தீங்கற்ற கட்டியில் ஊசி குத்தியோ துண்டு வெட்டியோ சோதிப்பதைத் தவிர்ப்பார்கள் என்றும் வைத்தியர் சொன்னார். அதன் உறை கிழிந்தால் கலங்கள் சிந்தி மீண்டும் முளைக்கும். பின்னொரு காலத்தில் கொடியதாகவும் மாறக்கூடும். ஆதலால் உறையோடு முழுமையாக எடுத்துவிட வேண்டும். அப்படித் தொடாமலே இனங்காண வேண்டிய இடத்தில் படத்தைவிட்டால் வேறு துணை ஏது? சத்திர சிகிச்சையின்போது கண்குழியின் பக்கச் சுவரைத் திறந்து கட்டியை முழுதாக எடுத்தார்கள். நுணுக்குக்காட்டிச் சோதனையும் தீங்கற்றது என்றே உறுதி செய்தது. பெரியம்மா மீண்டும் விளக்குமாற்றை எடுத்தார். இம்முறை தலைப்பை இழுத்து விடாமல்.

இந்தப் படங்களுக்குப் பின்னே உள்ள மனிதர்களை நான் தேடிப் படித்தது அதன் பிறகுதான். 1895 நவம்பர் 8ஆம் திகதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அதற்குக் காப்புரிமை பெற அவர் மறுத்தார். மனித குலத்துக்குரியதை ஒரு தனி மனிதன் பெட்டியிற் பூட்டுதல் தகாது என்பதே அவரது நிலை. சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெரியும், கட்டி தெரியாது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி இலண்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக சி.ரி. இயந்திரத்தாற் படம்பிடிக்கப்பட்டது. அதை அமைத்த ஹவுன்ஸ்பீல்ட் ஒரு விவசாயியின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில் பொறியியலாளராக இருந்தவர். 1979இல் கோர்மக் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடலின் ஒவ்வோர் அணுவளவு இடமும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவர் பெயரால் ஓர் அளவுகோல் உண்டு. நீருக்குப் பூச்சியம்; காற்றுக்கு ஆயிரம் குறைவு; கொழுப்புக்கு ஏறத்தாழ நூறு குறைவு; எலும்புக்குப் பல நூறு கூடுதல். குழந்தைகளின் புருவ ஓரத்தில் வரும் தீங்கற்ற தோற்கட்டியினுள் கொழுப்பு இருந்தால், அந்த எண்ணே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றையெல்லாம் நான் லயத்தில் சொன்னேன். திண்ணையில் இருந்து, தகட்டை வெயிலில் பிடித்து, பென்சிலும் வைத்துச் சொன்னேன். ஒரு வார காலம் நானே வைத்தியன்! கண் வீங்கினால் புற்றுநோய் என்று அலறக்கூடாது. பெரியம்மாவைப் பாருங்கள் என்று போதித்தேன். அரைகுறை அறிவு எவ்வளவு இனிமையாகப் பேசுகிறது என்பதை அப்போது நான் அறியவில்லை.

2017ஆம் ஆண்டு. அடுத்த வரிசைச் சிறுவனுக்கு ஏழு வயது. அவன் தகப்பன் குப்பை லொறியில் வேலை செய்தவர், நாட் சம்பளம். ஒரு மாலை பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "மாஸ்டர், இந்தப் புள்ளயோட கண்ணக் கொஞ்சம் பாருங்க. நாலஞ்சு நாளா இப்புடி இருக்கு." இடது மேலிமை வீங்கிச் சிவந்து சற்றே தொங்கியிருந்தது. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வலிக்கிறதா என்றேன், இல்லை என்றான்.

வலி இல்லை என்றதும் என் பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. "பெரியம்மாவுக்கு நான்கு வருடம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. பூச்சி கடித்ததாகவும் இருக்கலாம். அவசரமில்லை; சம்பளம் எடுத்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன். அவர் முகத்தில் ஆறுதல் படர்ந்தது. வைத்தியசாலைக்குப் போகும் ஒரு நாள் கூலி போகாமல் தப்பியது என்ற ஆறுதலும் அதில் கலந்திருந்தது. என் சொல் அவருக்கு வேண்டிய சொல்லாக இருந்ததனாலேயே அது கொடியதாயிற்று.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தபோது பையனின் விழி வெளியே தள்ளி, இமை மூட முடியாமல் இருந்தது. அன்றே ஓடினோம்.

நான் சொல்லாமல் விட்ட பாடத்தின் மறுபாதி இதுதான்: காலம். நான்கு வருடத்தில் வளர்வது ஒன்று. நான்கு நாளில் வளர்வது வேறொன்று. சிறு பிள்ளைகளின் கண்குழியில், தசையாக முதிர வேண்டிய இளங்கலங்களிலிருந்து எழும் ராப்டோமயோசார்கோமா என்ற புற்று நாட்கணக்கில் வளரக்கூடியது. பார்வைக்குக் கிருமித் தொற்றுப் போலவும், பூச்சிக்கடி போலவும், அடிபட்ட வீக்கம் போலவும் ஏமாற்றும். ஆகவே பிள்ளையின் கண் விரைவாக வீங்கி முன்தள்ளினால், வேறு காரணம் உறுதிப்படும் வரை இதையே முதலில் ஐயுற வேண்டும் என்பது வைத்தியர்களின் விதி. பெரியம்மாவின் எலும்பை எனக்கு வாசிக்கக் காட்டிய வைத்தியர் அந்த எலும்பில் எழுதியிருந்தது காலம் என்றுதான் கற்பித்தார். நானோ காலத்தை விட்டுவிட்டு, 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பையனுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமென்றார்கள். அதில் எக்ஸ் கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையும் உடலிலுள்ள நீரின் ஐதரசனைப் பேசவைக்கின்றன. வளரும் பிள்ளைக்குக் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பது நல்லது. 2003இல் லோட்டர்பர், மான்ஸ்பீல்ட் என்ற இருவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த முறை இது. வெளியில் எடுப்பதற்கு என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி செலவாயிற்று. அதைக் கொடுத்ததில் எனக்குப் பெருமையில்லை. குற்றவாளி கட்டிய தண்டப் பணம் அது.

அந்தப் படங்களில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. இழையம் தளர்வாயிருந்தால் அவை தாராளமாக உலாவும். கலங்கள் நெருக்கமாக அடைந்திருந்தால் அலைய இடமின்றி முடங்கும். தீங்கற்ற கட்டிகள் பலவற்றில் நீர் உலாவ இடமுண்டு. புற்றிலோ கலங்கள் பெருகிப் பெருகி நெருங்குவதால் நீர் சிறைப்படுகிறது. எம்.ஆர்.ஐ. இந்த அசைவை அளந்து எண்ணாகத் தருகிறது. செக்கனுக்குச் சதுர மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதைப் பல ஆய்வாளர்கள் எல்லைக்கோடு போலக் கொள்கிறார்கள். அதற்குக் கீழிறங்கினால் ஐயம் வலுக்கும். எட்டடி அறையில் எட்டுப் பேர் படுக்கும் லயத்தில் வளர்ந்த எனக்கு, இடமில்லாத இடத்தில் அசைவு எப்படி முடங்கும் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நரம்பில் ஒரு நிறமூட்டியைச் செலுத்தி, கட்டி அதை எப்படி வாங்குகிறது என்று கணந்தோறும் படம் எடுப்பார்கள். வளர்ந்தவர்களின் கண்குழியில் அதிகமாகக் காணப்படும் தீங்கற்ற குருதிக்குழாய்க் கட்டியில் அது ஒரு புள்ளியில் தொடங்கி, சேலையில் சாயம் ஊறுவது போல மெல்ல மெல்லப் பரவும். கொடிய கட்டிகள் பலவும் சட்டென்று வாங்கிச் சட்டென்று வெளியேற்றிவிடும்.

எனினும் படமே முடிவன்று. எல்லா அடையாளங்களுக்கும் விதிவிலக்கு உண்டு. முதியவர்க்கு வரும் நிணநீர்ப் புற்று எலும்பை அரிக்காமல் விழியைச் சுற்றி மாவுபோல் படிந்து அப்பாவியாகத் தோன்றும். சாதாரண அழற்சி சில வேளை புற்றுப் போல் மிரட்டும். தைரொயிட் நோயால் தசைகள் தடித்தும் கண் பிதுங்கும். பிள்ளைக்கு வந்த இதே புற்றும் சிலரிடம் தெளிந்த விளிம்போடு காட்சி தரும். ஆதலால் ஐயம் எழுந்த இடத்தில் ஒரு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்க்கிறார்கள். எங்கே எடுக்க வேண்டும், எங்கே எடுக்கவே கூடாது என்பதைச் சொல்வதும் படத்தின் வேலை. பையனுக்கு எடுத்தார்கள். அஞ்சியதே உண்மையாயிற்று. மஹரகமவுக்கு அனுப்பினார்கள்.

1960களுக்கு முன்னர் இந்நோய்க்குக் கண்குழியையே முழுதாகத் தோண்டி எடுப்பதுதான் வழி; அப்படியும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்து, கண்குழியோடு நின்றுவிட்ட இந்நோயில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் வரை பிழைக்க வைக்கின்றன. அவனும் பிழைத்தான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட மாதங்களில்கூட அவன் தாய் பரிசோதனைத் திகதியைத் தவறவிடாமல் இரவோடிரவாக மஹரகம போய் வந்தார்.

ஒரு நாள் நான் துணிந்து வைத்தியரிடம் கேட்டேன்: "அந்த இரண்டு வாரம் முந்தியிருந்தால்?" அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அதை யாரும் சொல்ல முடியாது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரோ, உண்மையையே சொன்னாரோ அறியேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

தகப்பன் என்னை ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. இன்றும் கடிதம் வந்தால் என்னிடமே கொண்டுவருகிறார். அவர் ஏன் வைத்தியரிடம் நேரே போகாமல் என்னிடம் வந்தார் என்று நான் பல இரவு எண்ணியிருக்கிறேன். வைத்தியசாலைக்குப் போனால் கூலி போகும். மூன்று நிமிடத்தில் சிங்களத்தில் சொல்வது விளங்காது. விளங்கவில்லை என்று திருப்பிக் கேட்கும் துணிவைத் தலைமுறை தலைமுறையாக அவரிடமிருந்து பறித்திருக்கிறோம். கையில் தரும் காகிதமோ ஆங்கிலம். தமிழ் 1987இல் அரசியல் யாப்பில் அரசகரும மொழியாகிவிட்டது. எங்கள் கண்குழிக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை. இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்த இழிவும் அன்று. ஸ்கேன் வரிசையில் என் பக்கத்தில் இருந்த ஒரு சிங்களத் தாயும், "மாத்தையா, இதில் என்ன இருக்கிறது?" என்று தன் உறையை என்னிடமே நீட்டினார். ஏழைக்கு இரண்டு மொழி இருக்கலாம். அறிக்கைக்கு மூன்றாவது மொழி.

முடியாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் இருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு நூலை 'அங்காதிபாதம்' என்ற பெயரில் 1852இல் தமிழில் தந்தார். அவருடைய நோக்கத்தில் மத ஊழியமும் கலந்திருந்தது. அது வேறு விவாதம். அந்நாளில் அங்காதிபாதத்தைத் தமிழில் எழுத முடிந்ததென்றால், இந்நாளில் ஓர் அறிக்கையின் அடியில் நான்கு வரி தமிழிலும் சிங்களத்திலும் எழுத முடியாதா? 'இது கட்டி, விளிம்பு தெளிவு, எலும்பு அரிக்கப்படவில்லை, நிபுணரை இன்ன நாளுக்குள் காண்க.' இவ்வளவு போதும். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நாம் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

பையன் இப்போது என் வகுப்பில் பத்தாம் ஆண்டு படிக்கிறான். இடது கண் சற்றுச் சிறுத்திருக்கிறது. அதிற் பார்வை மங்கல். ஆகவே இடப்புற ஓரத்தில், முன் வாங்கில் இருப்பான். அங்கிருந்தால் கரும்பலகை முழுதும் வலக்கண்ணுக்குத் தெரியும். போன தவணையில் விஞ்ஞானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எக்ஸ் கதிர் எலும்பில் மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காந்தம் நீரை எப்படிப் பேசவைக்கிறது என்றும் கேட்டான்.

"அது எனக்குச் சரியாகத் தெரியாது, நாளைக்கு விஞ்ஞான ஆசிரியரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்போம்" என்றேன்.

மறுநாள் போனோம்.